நர்சம்மா வர வேண்டிய வீடு எது?

தமிழ்நாட்டில் இன்று பிரசவங்கள் ஏறக்குறைய எல்லாமே ஆஸ்பத்திரியில்தான் நடக்கின்றன. பிறகு எதற்காகக் கிராம சுகாதார செவிலியர் வீடு தேடி வர வேண்டும் என்ற கேள்வி எழுவது இயல்பு. சுகப்பிரசவமானால் இரண்டு, மூன்று நாளில் தாயும் பிள்ளையும் வீடு திரும்பிவிடுகிறார்கள். பச்சிளங்குழந்தைக்கு ஆபத்து மிகுந்த முதல் 28 நாட்களில் பெரும்பகுதி வீட்டில்தான் கழிகிறது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் மருத்துவர்கள் அபய் பங், ராணி பங் தம்பதியர் கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி தந்து, பிள்ளை பெற்ற வீடுகளுக்கு அனுப்பினார்கள். அந்த ஊர்களில் பச்சிளங்குழந்தை இறப்பு 62 சதவீதம் குறைந்ததை 1999-ல் 'லான்செட்' இதழ் வெளியிட்டது. இதன் வழியில் 2011-ல் வந்த தேசியத் திட்டப்படி 3, 7, 14, 21, 28, 42-ம் நாட்களில் வீட்டுக்குச் சென்று பார்க்க வேண்டும்.

அந்த வருகைக்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. துணியை விலக்கி, ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ண வேண்டும். 60-ஐத் தொட்டால் ஆபத்து. உள்ளங்கால் சில்லிட்டிருக்கிறதா, பிள்ளை பால் குடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். போனில் விசாரித்தால் போதாதா என்பார்கள். எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரியாத இளம் தாய் போனில் எதைச் சொல்வாள்?

கோவில்பட்டி கரிசல்காட்டில் சிக்கல் வேறு இடத்திலும் இருக்கிறது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவது வழக்கம். விளாத்திகுளம் பக்கம் வாக்கப்பட்ட பெண் பேறுகாலத்துக்குக் கயத்தாறு பக்கம் வந்துவிட்டால், பதிவேட்டில் பெயர் ஓர் ஊரிலும் பிள்ளை இன்னோர் ஊரிலும் இருக்கும். பிறகு அவள் தீப்பெட்டி ஆபீசுக்கோ புரட்டாசி, ஐப்பசி விதைப்புக்கோ போகத் தொடங்கினால், பகலில் வருகிறவருக்குப் பூட்டிய கதவுதான். ஆகவே செவிலியர் பதிவேட்டின் பின்னால் அல்ல, பிள்ளையின் பின்னால் போக வேண்டும். மாலை நேரத்திலும் போக வேண்டும்.

சுமார் 5,000 பேருக்கு ஒரு செவிலியர், தடுப்பூசி, பதிவேடு என ஏற்கெனவே சுமை அதிகம் என்ற மறுப்பு நியாயமானது. அதற்கு விடை வருகையைக் குறைப்பதல்ல, ஆள் சேர்ப்பது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு சேர்க்கிறது. பெரியவர்களுக்கு முடிந்தது பிள்ளைகளுக்கும் முடியும். அதுவரை, மகளைப் பேறுகாலத்துக்கு அழைத்துவரும் தாய்வீட்டார் அவளுடைய கர்ப்பப் பதிவு எண்ணான பிக்மி எண்ணை அன்றே உள்ளூர் நர்சம்மாவிடம் கொடுத்துவிடுங்கள்.