ஆட்டம் முடிந்த பிறகு பாடம்



விளையாட்டு வீரர் என்றதும் கோப்பையும் மாலையும்தான் நம் கண்ணுக்குத் தெரிகிறது. மாலை வாடிய பிறகு அவர் என்ன செய்கிறார் என்று யோசிக்கிறோமா? உடம்பை நம்பிச் சம்பாதிக்கிற தொழில் அது. முப்பத்தைந்து, நாற்பது வயதுக்குள் பெரும்பாலும் ஆட்டம் முடிந்துவிடும். அப்புறமும் பல வருஷம் வாழணுமே! அதற்காகச் சிலர் வணிக மேலாண்மை படித்தார்கள். இருவரை மட்டும் சொல்கிறேன்.

ஷகீல் ஓ'நீல் ஏழடிக்கும் மேல் உயரமான அமெரிக்கக் கூடைப்பந்து வீரர். 1992-இல் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டு என்.பி.ஏ. போட்டிகளுக்குப் போனார். பணமும் புகழும் கொட்டின. ஆனாலும் விட்ட படிப்பை அவர் மறக்கவில்லை. 2000-இல் இளங்கலைப் பட்டம், 2005-இல் எம்.பி.ஏ. 2011-இல் ஓய்வு பெற்று, 2012-இல் கல்வியியலில் டாக்டர் பட்டமும் வாங்கினார்.

இன்னொருவர் ஜெர்மனியின் கோல்கீப்பர் ஆலிவர் கான். 2002 உலகக் கோப்பையின் சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்றவர். 2008-இல் ஓய்வு பெற்று, 2012-இல் ஆஸ்திரியாவில் எம்.பி.ஏ. முடித்தார். தான் ஆடிய பேயர்ன் மியூனிக் கழகத்துக்கே 2021-இல் தலைமை நிர்வாகி ஆனார்.

அப்படி என்னதான் சொல்லித் தருகிறார்கள்? ஒரு சின்ன உதாரணம். ஓய்வு பெற்ற வீரர் ஒருவர் பனியன் கடை வைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வாடகை, சம்பளம் எல்லாம் சேர்த்து மாதம் 60,000 ரூபாய். ஒரு பனியனின் கொள்முதல் விலை 200, விற்பனை விலை 500. ஒன்றுக்கு 300 ரூபாய் மிஞ்சும். அப்படியானால் 200 பனியன் விற்றால்தான் கைக்காசு போகாமல் தப்பலாம். 201-வது பனியனில்தான் லாபமே தொடங்குகிறது. இதற்குப் பெயர் பிரேக் ஈவன் பாயிண்ட். இந்தக் கணக்கு தெரியாமல் பேரை மட்டும் நம்பிக் கடை திறந்தால், திறப்பு விழாக் கூட்டம் கலைந்ததும் கல்லா காலிதான்!

பட்டம் வாங்கினால் பதவி நிலைக்கும் என்றும் நினைக்க வேண்டாம். 2023 மே மாதம், பேயர்ன் மியூனிக் லீக் பட்டம் வென்ற அதே நாளில் கான் பதவி நீக்கப்பட்ட செய்தி வந்தது. பதவி போகலாம், கற்ற கணக்கு போகாது.

இதை நான் எழுதக் காரணம் உண்டு. என் அப்பா சுமை தூக்கும் தொழிலாளி. அவரும் உடம்பை நம்பி வாழ்பவர்தான், கைதட்டத்தான் ஆள் இல்லை. நாற்பத்தாறு வயதிலேயே முதுகு ஒத்துழைக்கவில்லை. கானுக்கு இரண்டாவது ஆட்டம் இருந்தது, அப்பாவுக்கு இல்லை. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான்.

"டிப்ளமோ முடிச்சா போதும்டா, வேலைக்குப் போயிடலாம்" என்று நம்மில் பலர் சொல்கிறோம். வீட்டு நிலைமை அப்படி, தப்பில்லை. போவோம். ஆனால் கதவைப் பூட்டிவிட்டுப் போக வேண்டாம். டிப்ளமோவை வைத்து நேராக எம்.பி.ஏ. சேர முடியாது, நடுவில் ஒரு பட்டம் வேண்டும். அதற்கு பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரும் வழி நமக்கு இருக்கிறது. வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியிலும் பட்டம் படிக்கலாம்.

ஏழடி மனிதர் எட்டு வருஷம் கழித்து வந்து பட்டத்தை முடித்தார். நமக்கு இப்போதுதான் பதினெட்டு வயசு!

– மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை