உழைப்பும் கால் நரம்பும்

மனித உடலை உயிரியலின் பொருளாக மட்டும் நோக்குவோர், அது உழைப்பின் கருவியாகவும், உழைக்கும் நிலைமைகளாற் சிதைவுறுவதாகவும் உள்ளதென்பதை மறந்துவிடுகின்றனர். இவ்வுண்மையைக் காலின் நரம்பொன்றைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். 19ஆம் நூற்றாண்டிலேயே வைத்தியர் கிறீன் மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தாராதலின், இத்தகைய பொருளைத் தமிழிற் கூறுதல் புதுமையன்று.

சியாற்றிக்கு எனப்படும் பெருநரம்பு தொடையின் பின்புறமாக இறங்கி, பெரும்பாலும் முழங்காலுக்குச் சற்று மேலே இரண்டாகப் பிரிகின்றது. ஒரு கிளையாகிய திபியல் நரம்பு கெண்டைக்கால் தசைகளை இயக்குகின்றது. நடக்கும்போது நிலத்தை உந்துவன இவையே. உள்ளங்காலின் உணர்ச்சியும் பெரும்பாலும் இக்கிளையையே சார்ந்தது. மற்றைய கிளையாகிய பெரோனியல் நரம்பு, பாதத்தை மேலுயர்த்தும் முன்புறத் தசைகளையும், அதனை வெளிப்புறம் திருப்பும் தசைகளையும் இயக்குகின்றது.

திபியல் நரம்பு தசைகளுக்கிடையே ஆழச் செல்வதால் ஓரளவு பாதுகாப்புடையது. அது பழுதுற்றால் நுனிக்காலில் நிற்றல் இயலாது. உணர்விழந்த உள்ளங்காலிற் புண்கள் தோன்றும். பெரோனியல் நரம்போ கணைக்கால் வெளியெலும்பின் கழுத்தைச் சுற்றி வளையுமிடத்துத் தோலுக்கு மிக அண்மையில் எலும்பின்மீது கிடக்கின்றது. எலும்பு முறிவு, வெட்டுக்காயம், இறுக்கமான பிளாஸ்டர்க் கட்டு, தொழுநோய் ஆகியன இதனைத் தாக்கலாம். அப்போது பாதம் தொங்கிவிடும், விரல்கள் நிலத்தில் இடறாதிருக்க முழங்காலை மிகையாக உயர்த்தி நடக்க வேண்டும், புறங்கால் மரத்துவிடும்.

எனினும் காயமெதுவுமின்றியும் இந்நிலை நேரலாம். நெடுநேரம் குந்தியிருக்கையில் மடிந்த முழங்காலின் புறத்தே இந்நரம்பு நெருக்குறுகின்றது. ஸ்ரோபெரிப் பழம் பறிப்போரிடம் இதனாற் பாதம் தொங்குதலை 1980இல் வெளிவந்த மருத்துவக் கட்டுரையொன்று எடுத்துக்காட்டியது. குந்தியிருப்பது தன்னளவில் நோயன்று; எழுந்து காலை நீட்டும் உரிமை உழைப்பவனிடம் இல்லாமையே இங்கு கவனிக்கற்பாலது. பறித்த அளவுக்கே கூலி எனின், ஓய்வு என்பது கூலியிழப்பாகும். இத்தாலிய வைத்தியர் ரமசினி 1700இல் வெளியிட்ட தொழில்நோய்கள் பற்றிய நூலில், நோயாளியிடம் அவனது தொழிலையும் வினவுமாறு வற்புறுத்தினார். தொழிற்பிரிவினை உழைப்பாளியை ஊனப்படுத்துவதை ஆராயுமிடத்து, மார்க்ஸ் மூலதனத்தின் முதற் பாகத்தில் அந்நூலைச் சுட்டியமை தற்செயலன்று.

நரம்புப் பழுதினை செடன் 1943இல் மூவகைப்படுத்தினார். நரம்பிழை அறாது கடத்தல் மட்டும் தடைப்படின் சில வாரங்களில் அல்லது மாதங்களிற் குணமாகும். இழை அறுந்து உறை எஞ்சியிருப்பின், அது நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் வீதமே மீள வளரும். நரம்பு முற்றாக அறுந்தால் சத்திரசிகிச்சை வேண்டும். இக்காலமெல்லாம் தசை மெலிந்துகொண்டிருக்கும். பாதத்தைத் தாங்கும் பட்டியும் பயிற்சியும் இன்றியமையாதன.

ஆனால் நாட்கூலியாளனால் மாதக்கணக்கிற் காத்திருக்க முடியுமா? மீண்டும் அதே வயலில் அவன் குந்துவானாயின் சிகிச்சை பயனற்றதாகும். ஆகவே நோயின் காரணத்தை எலும்பின் கழுத்திலே தேடும் மருத்துவம், வேலைநேரத்திலும் கூலிமுறையிலும் அதனைத் தேடுதல் வேண்டும்.