விலகிப் போக வேண்டியது யார்?

குற்றாலத்தில் சாரல் சீசன் களைகட்டும் நாட்களில் ஒரு காட்சியை அச்சன்புதூர் பக்கத்து மக்கள் பலரும் பார்த்திருப்பார்கள். மெயினருவியில் தண்ணீர் வரத்து கூடிவிட்டால் போலீசார் விசில் அடித்து எல்லோரையும் வெளியேற்றுவார்கள். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் 17 வயது மாணவர் ஒருவரின் உயிரைப் பறித்தது. அதற்குப் பிறகு இந்தக் கட்டுப்பாடு எவ்வளவு அவசியம் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. வெள்ளம் வந்தால் பணக்காரரும் கூலிக்காரரும் ஒன்றாகத்தான் கரையேறுகிறார்கள். பாதுகாப்பு அங்கே எல்லோருக்கும் பொது.

ஆனால் பொது இடத்தில் ஆபத்து தண்ணீரால் வராமல் சாதியால் வரும்போது நடப்பது வேறு. "வம்பு எதுக்கு? அந்தப் பக்கம் போகாதே" என்று நம் வீட்டுப் பெரியவர்களே பிள்ளைகளிடம் சொல்கிறார்கள். அமைதிப் பேச்சுவார்த்தை என்று கூட்டினால், தனிப் பாதை, தனித் தண்ணீர்த் தொட்டி என்று முடிகிறது. தடுத்தவர் இருந்த இடத்திலேயே இருக்கிறார். தடுக்கப்பட்டவர்தான் சுற்றிக்கொண்டு போகிறார். இதற்குப் பெயர் பாதுகாப்பா?

இந்தக் கேள்விக்கு நம் தென்காசி மாவட்டத்திலேயே ஒரு பதில் கிடைத்தது. 2022 செப்டம்பரில் சங்கரன்கோவில் அருகே பாஞ்சாக்குளத்தில், தின்பண்டம் வாங்க வந்த பட்டியலினப் பள்ளிக் குழந்தைகளிடம், ஊரில் கட்டுப்பாடு இருப்பதால் இனி கொடுக்க முடியாது என்று கடைக்காரர் சொன்ன வீடியோ பரவியது. "கட்டுப்பாடுன்னா என்ன?" என்று விளங்காமல் நின்ற அந்தக் குழந்தைகளின் முகத்தை நம்மால் மறக்க முடியவில்லை. வழக்குப் பதிவானது. கைது நடந்தது. கடைக்குச் சீல் வைக்கப்பட்டது.

வழக்கமாக இத்தோடு முடிந்துவிடும். இந்த முறை போலீசார் இன்னொரு படி மேலே போனார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 10-வது பிரிவின் கீழ், சம்பந்தப்பட்டவர்களை ஊருக்குள் வரவிடக் கூடாது என்று நீதிமன்றத்தில் மனு செய்தார்கள். திருநெல்வேலி சிறப்பு நீதிமன்றம் 5 பேர் 6 மாதங்களுக்கு ஊருக்குள் நுழையத் தடை விதித்தது. அரிதாகவே பயன்படுத்தப்படும் பிரிவு அது. குழந்தைகளை வேறு கடைக்குப் போகச் சொல்லவில்லை. விலகி நிற்க வேண்டியவர்கள் தடுத்தவர்கள்தான் என்று சட்டம் சொன்னது.

இந்த உரிமை நேற்று வந்ததல்ல. பொதுச் சாலை, கிணறு, குளம், அரசு அலுவலகம் எல்லோருக்கும் உரியவை என்று 1924-ல் சென்னை சட்டமன்ற மேலவையில் தீர்மானம் கொண்டு வந்து நிறைவேற்ற வைத்தவர் இரட்டைமலை சீனிவாசன். பின்னர் அரசியலமைப்பின் 15-வது பிரிவு கடை, கிணறு, குளம், படித்துறை, சாலை ஆகியவற்றைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டது. பொதுச் சாலையில் செருப்பு அணிந்து நடப்பதையோ, சைக்கிள், பைக் ஓட்டுவதையோ தடுப்பதும் குற்றம் என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-ல் சேர்க்கப்பட்டது. 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை.

இதையெல்லாம் இப்போது சொல்லக் காரணம் இருக்கிறது. அச்சன்புதூர் போன்ற பேரூராட்சிகளுக்கு நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டங்களில் பூங்கா, பேருந்து நிறுத்தம், தெருவிளக்கு, கண்காணிப்பு கேமரா என்று பணிகள் வருகின்றன. மகிழ்ச்சிதான். ஆனால் எந்தத் தெருவோடு விளக்கு நிற்கிறது? மாலை டியூஷன் முடிந்து வரும் நம் பெண் பிள்ளை அந்தப் பூங்காவைத் தாண்டிப் பயமில்லாமல் வீடு சேர முடிகிறதா? மயானப் பாதை அந்தத் திட்டத்தில் இருக்கிறதா? இந்தக் கேள்விகளை நாம் கேட்காவிட்டால் வேறு யாரும் கேட்கப் போவதில்லை.

இன்னொன்றும் உண்டு. தென்மாவட்டங்களில் மின்கம்பத்திலும் பாலச் சுவரிலும் சாதி வண்ணம் பூசுவது சாதாரணமாகிவிட்டது. மக்கள் வரிப்பணத்தில் நட்ட கம்பம் ஒரு சாதியின் எல்லைக்கல் ஆகிறது. அதைத் தாண்டும் மாணவனுக்கு எந்தக் கேமராவும் தைரியம் தராது. பக்கத்துத் தூத்துக்குடி மாவட்டத்தில் காவல்துறையினர் ஊர்மக்களிடம் பேசி, அவர்கள் ஒத்துழைப்போடு இத்தகைய அடையாளங்களை அழித்தார்கள். ஒரு வாளி வெள்ளையும் கொஞ்சம் மனசும் போதும் என்பதற்கு அதுவே சாட்சி.

நாம் செய்யக் கூடியவை இவை. பேரூராட்சி, வார்டு கூட்டங்களுக்குப் போக வேண்டும். கோரிக்கையை எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்க வேண்டும். வன்கொடுமைப் புகார்களை டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான கண்காணிப்புக் குழு 3 மாதத்துக்கு ஒரு முறை கூட வேண்டும் என்பது விதி. கூடியதா என்று கேட்கலாம். உதவிக்கு 14566 என்ற இலவச எண் இருக்கிறது. கல்லூரியில் படிக்கும் தம்பி, தங்கைகள் இந்த எண்ணை வீட்டுச் சுவரில் எழுதி வைக்கட்டும்.

அடுத்த முறை "அந்தப் பக்கம் போகாதே" என்று பிள்ளையிடம் சொல்ல வாயெடுக்கும்போது, பாஞ்சாக்குளத்தை நினைத்துக்கொள்வோம். போகாதே என்று சொல்ல வேண்டியது நம் பிள்ளையிடம் அல்ல.