துக்கத்தில் சிறிதளவு



மவ்த் நடந்த வீட்டில் முதல் மூன்று நாள் சாப்பாட்டுக்குக் குறைவிருக்காது. பக்கத்து வீடுகளிலிருந்து சட்டி சட்டியாக வந்துவிடும். கூட்டம் கலைந்த பிறகுதான் வீட்டாருக்குத் துக்கம் முழுதாகத் தெரிகிறது. அந்த நேரத்துக்குரிய ஓர் உணவைப் பற்றி புகாரீ, முஸ்லிம் இரண்டு நூல்களிலும் அறிவிப்பு இருக்கிறது.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் குடும்பத்தில் யாரேனும் இறந்தால், வந்த பெண்கள் கலைந்து நெருங்கிய உறவினர் மட்டும் எஞ்சியிருக்கும்போது தல்பீனா காய்ச்சச் சொல்வார்கள். ஸரீத் மீது அதை ஊற்றிச் சாப்பிடக் கொடுப்பார்கள். அது நோயாளியின் நெஞ்சுக்கு இதமளிக்கும், கவலையில் சிறிதளவைப் போக்கும் என்று நபி (ஸல்) அவர்கள் கூறக் கேட்டதாகவும் சொல்வார்கள். கவலையை முழுவதுமாகப் போக்கும் என்று அதில் இல்லை. 'சிறிதளவு' என்றுதான் இருக்கிறது.

தல்பீனா என்பது வாற்கோதுமைக் கஞ்சி. பாலைப் போல வெளுத்திருப்பதால் அந்தப் பெயர். இரண்டு கரண்டி பார்லி மாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, ஒன்றரை டம்ளர் தண்ணீர் சேர்த்துச் சிறுதீயில் கால் மணி நேரம் கிண்டுங்கள். பிறகு அரை டம்ளர் பால், ஓர் ஏலக்காய். இறக்கி, சூடு தணிந்ததும் தேன். ஜமுனாமரத்தூர்ப் பக்கத்து மலைத்தேன் கிடைத்தால் இன்னும் நல்லது. சர்க்கரை நோயாளிகள் தேனை விட்டுவிடலாம். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கூடாது.

சாப்பிடவே மனமில்லாதவருக்கும் கஞ்சி தொண்டையில் இறங்கும். அதைவிட, ஒருவர் காய்ச்சிக் கொண்டுவந்து குடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாரே, பாதி மருந்து அதுதான் என்பது என் எண்ணம்.

மனம் கனத்தால் வயிறும் கனக்கும். அதற்குப் புதினாத் தண்ணீர் நல்லது. நெஞ்செரிச்சல் உள்ளவருக்கு மட்டும் ஆகாது. மலைக்குளிருக்குச் சுக்கும் துளசியும் போட்ட கஷாயம் இதமாக இருக்கும். தூக்கம் வராதவர்கள் அஸருக்குப் பிறகு தேயிலையை நிறுத்திப் பாருங்கள். அதிமதுரத்தைத் தினமும் குடித்தால் இரத்த அழுத்தம் ஏறும். அமுக்கராவைக் கர்ப்பிணிகள் தொடக்கூடாது. தைராய்டு மாத்திரையோ தூக்க மாத்திரையோ சாப்பிடுவோர் மருத்துவரைக் கேட்காமல் அதை எடுக்க வேண்டாம்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. நமக்குத் தெரிந்த ஒரு சகோதரி இத்தாவில் இருந்தபோது மன அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிட்டுவந்தார். 'பழக்கமாகிவிடும், கஷாயம் போதும்' என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். அவர் சட்டென்று நிறுத்திவிட்டார். சில நாளில் தலைச்சுற்றல், தூக்கமின்மை, படபடப்பு. மாதம் முடிவதற்குள் பழைய நிலையைவிட மோசமானார். அல்ஹம்துலில்லாஹ், மறுபடி மருத்துவரிடம் கொண்டுபோனதில் தேறிவிட்டார். அந்த மாத்திரைகளை மருத்துவர் சொல்லும் அளவில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும் என்பதை நான் அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். 'செயின்ட் ஜான்ஸ் வோர்ட்' என்ற பெயரில் விற்கும் மூலிகை மாத்திரையை அவற்றோடு சேர்த்துச் சாப்பிடுவது ஆபத்து என்பதையும்.

ஈமான் குறைவால் வந்தது என்று சொல்லி இந்த நோயை மறைக்காதீர்கள். மகன் இப்ராஹீம் இறந்தபோது நபி (ஸல்) அவர்களே கண்ணீர் விட்டார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் ஒருவர் எதிலும் பிடிப்பில்லாமல், உண்ணாமல் உறங்காமல் இருந்தாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ கஞ்சியோடு நிறுத்தாதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். மலைமேல் இருப்பவர்களுக்கு மாவட்ட மருத்துவமனை தூரம்தான். 2022இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவைக்கு 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் பேசலாம். கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். கூச்சப்படுபவருக்கு நீங்களே எண்ணைப் போட்டுக் கையில் கொடுங்கள்.