குச்சியில் கோத்த சுஷி

சிங்கப்பூரில் குச்சியில் கோத்த ஆகாரம் என்றதும் எவருக்கும் முதலில் ஞாபகம் வருவது சாத்தேதான். தென்னை ஈர்க்கில் இறைச்சித் துண்டுகளைக் கோத்துக் கரியடுப்பில் வாட்டி, நிலக்கடலைக் குழம்போடும், ஓலைப் பின்னலுக்குள் வெந்து கெட்டிப்பட்ட கெத்துப்பாட் சோற்றோடும் விற்ற காலம் போய், ஈர்க்கின் இடத்தில் மூங்கில் குச்சி வந்து, எஸ்பிளனேட் பக்கத்துச் சாத்தே கிளப்பும் 1995-ல் மூடப்பட்டு, இப்போது லாவ் பா சாட்டை ஒட்டிய பூன் டாட் வீதியில் மாலைதோறும் அந்தப் புகை எழுகிறது. சோறும் குச்சியும் ஒரே தட்டில் இத்தனை காலம் பழகிய ஊரில், சோற்றையே உருட்டிக் குச்சியில் ஏற்றிவிடுவது அப்படியொன்றும் பெரிய சாகசமல்ல.

1942 முதல் 1945 வரை இத்தீவு சியோனான் என்ற பெயரில் ஜப்பானியர் வசம் இருந்தபோது மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர்பிழைத்த தலைமுறைக்கு, ஜப்பானிய ஆகாரத்தில் ஆசை பிறந்திருக்க நியாயமில்லை. 1974-ல் பிளாசா சிங்கப்பூராவில் யாவோஹான் பேரங்காடி திறந்த பின்பு அந்நாட்டுப் பண்டங்கள் மெல்லச் சாமானிய ஜனங்களின் கூடைக்குள் வந்தன; 2017-ல் ஆர்ச்சர்ட் பகுதிக்கு டான் டான் டாங்கி என்னும் ஜப்பானிய அங்காடி வந்து சேர்ந்தபோது, பேரப்பிள்ளைகளுக்குச் சுஷி ஏற்கெனவே பழகிய சிற்றுண்டியாகிவிட்டிருந்தது.

வண்ணநூல் சுற்றிய தெமாரி என்னும் விளையாட்டுப் பந்தின் பெயரால் வழங்கும் உருண்டைச் சுஷி ஜப்பானிலேயே உண்டு. அரிசிமாவு உருண்டைகளைக் குச்சியில் கோத்த தாங்கோவும் உண்டு. இவ்விரண்டையும் சேர்த்தால் நம் பண்டம் கிடைத்துவிடுகிறது. கொழுக்கட்டை பிடித்துப் பழகிய கைக்கு இது சுலபம். ஆனால் சோற்றின் பக்குவத்தில் மட்டும் அலட்சியம் கூடாது. பொன்னியும் பாஸ்மதியும் இதற்கு ஆகா. ஒட்டும் மாவுச்சத்து மிகுந்த குட்டை ஜப்பானிய அரிசி 2 கப் எடுத்து, தண்ணீர் தெளியும்வரை கழுவி வேகவைத்து, கால் கப் அரிசி வினிகரில் 2 மேசைக்கரண்டி சர்க்கரையையும் 1 தேக்கரண்டி உப்பையும் கரைத்து, சோறு ஆவி பறக்கும்போதே ஊற்றி, மர அகப்பையால் குழைத்துவிடாமல் வெட்டினாற்போல் கிளறி, விசிறியால் ஆற்ற வேண்டும். வினிகர் கலந்த தண்ணீரில் கையை நனைத்துக்கொண்டு பெரிய நெல்லிக்காய் அளவு உருட்டி, அதன் மேல் மெல்லியதாகச் சீவிய வெள்ளரிக்காயையோ முட்டை அடையையோ போர்த்தி, குச்சிக்கு மூன்றாகக் கோக்கலாம். இரு முனைகளிலும் ஒரு காரட் துண்டைச் செருகிவிட்டால் உருண்டை வழுக்கி விழாது. குழந்தைகளுக்குக் கொடுக்குமுன் கூர்முனையைக் கத்தரித்துவிடுவது நல்லது. நோரி என்னும் கடற்பாசித் தாளில் கண்ணும் மூக்கும் நறுக்கி ஒட்டும் உத்தியோகத்தைப் பிள்ளைகளிடமே ஒப்படைக்கலாம். ஆனால் அந்தத் தாள் ஈரம் பட்டதும் துவண்டு சுருங்கும் சுபாவமுடையது. ஆகையால் முகத்தைக் கடைசி நிமிஷத்தில்தான் வைக்க வேண்டும், இல்லையேல் சிரித்த முகம் அழுத முகமாகிவிடும். வசாபிக்குப் பதிலாக ஆவக்காய் ஊறுகாயை வைக்கும் வீடுகளும் உண்டு. அது வினிகரின் புளிப்போடு சண்டை பிடிக்கிறது என்பது என் அபிப்பிராயம். பச்சை மாங்காய்த் துருவல் எவ்வளவோ மேல்.

தேக்கா சந்தையில் காலை வேளையில் பளபளக்கும் மீனைக் கண்டதும், அதையே பச்சையாகச் சீவிப் போர்த்தினால் என்ன என்று தோன்றலாம். கூடாது. ஈரச்சந்தை மீன் சமைப்பதற்கென்றே விற்கப்படுவது. 2015-ல் கஞ்சியோடு பச்சை மீன் உண்டவர்களுக்கு ஒருவகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் கடும் நோய் கண்டு, அவ்வாண்டு டிசம்பரில் நன்னீர் மீனைப் பச்சையாகப் பரிமாறுவதையே அரசாங்கம் தடை செய்த சம்பவம் இவ்வூரில் நடந்ததுதான். வேகவைத்த இறாலுக்கும் வறுத்த பன்னீருக்கும் அந்த ஆபத்து இல்லை. ஆயினும் நம் வெப்பத்தில் எந்தக் குச்சியையும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். குளிர்பெட்டியில் வைத்தால் சோறு விறைத்துவிடும் என்பதால், வேண்டிய அளவே செய்வது உத்தமம்.

மரக்கறி மட்டும் உண்பவர், மாட்டிறைச்சி தொடாதவர், ஹலால் பார்ப்பவர் என்று பலரும் ஒரே மேசையில் கூடும் வீவக அடுக்குமாடி வீட்டுத் தீபாவளி விருந்துகளில் இக்குச்சிகளின் சௌகரியம் தெரியும். ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்று கண்ணாலேயே பார்த்து எடுத்துக்கொள்ளலாம். கண்ணுக்குத் தெரியாதது ஒன்றே ஒன்றுதான்: கலந்து விற்கப்படும் சில சுஷி வினிகர்களில் மிரின் என்ற அரிசி மது சேர்ந்திருக்கும். முஸ்லிம் நண்பர்களை அழைத்திருந்தால், புட்டியின் சீட்டைக் கடையிலேயே ஒருமுறை வாசித்துவிடுங்கள்.