முதலில் எழுத்துரு, பிறகு மென்பொருள்

இராஜாக்கமங்கலம் சந்திப்பில் ஒரு ஜெராக்ஸ் கடை. கல்லூரி மாணவி ஒருத்தி பென் டிரைவை நீட்டினாள். அப்பாவின் பட்டா விஷயமாக வீட்டுக் கணினியில் அவளே அடித்த மனு அதில் இருந்தது. கடைக்காரர் திறந்தார். திரையில் தமிழ் இல்லை. 'தமிழ்' என்ற சொல் இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்று நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் கிடந்தன.

"வீட்ல நல்லாத்தான் இருந்து அண்ணே."

"பாமினில அடிச்சிருக்க மக்ளே. நான் இப்பம் ஆபீஸ மாத்தினேம்லா, அந்த ஃபாண்ட் இதுல இல்ல."

கடைக்காரர் மாறியதற்குக் காரணம் கொள்கை அல்ல. யாரோ கிராக் செய்து ஏற்றிக்கொடுத்த எம்.எஸ். ஆபீஸ் ஒருநாள் சிவப்புப் பட்டை காட்டி மக்கர் செய்தது. புதிதாக வாங்கக் கட்டுபடியாகவில்லை. சிஸ்டத்தைத் துடைத்து, இலவசமான லிப்ரே ஆபீஸை ஏற்றிவிட்டார். மனு தமிழில் தெரியாததைப் பார்த்ததும் வரிசையில் நின்றவர்கள் தீர்ப்பே சொல்லிவிட்டார்கள்: ஓசி ஆபீஸ் தமிழுக்கு ஆகாது.

அந்தத் தீர்ப்பு தவறு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்துபவை. கோப்பில் பதிவாவது ஆங்கில எழுத்துதான். போர்வையை எடுத்தால், எம்.எஸ். வேர்டில் திறந்தாலும் அதே ஜே, கே, பி, ஓ தான் வரும். யூனிகோடு அப்படியல்ல. அதில் 'த'வுக்கு உலகம் முழுக்க ஒரே எண். எந்தக் கணினியிலும், எந்தக் கைபேசியிலும் அது 'த'தான். தமிழக அரசு 2010 ஜூனிலேயே யூனிகோடை ஏற்று ஆணை பிறப்பித்தது. பதினைந்து ஆண்டுகள் கடந்தும் பாமினியும் அதைப் போன்ற வானவில்லும் நம் மேசைகளை விட்டுப் போகவில்லை. மென்பொருளை மாற்ற முடியாமல் நம்மைக் கட்டிப்போட்டிருப்பதில் மைக்ரோசாஃப்டுக்கு எவ்வளவு பங்கோ, இந்தப் பழக்கத்துக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

மாற்றம் நமக்குப் புதிதல்ல. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். தமிழக அரசின் எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக இருந்தபோதே அதன் கணினிகள் விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸுக்கும், எம்.எஸ். ஆபீஸுக்கு மாற்றான ஓப்பன் ஆபீஸுக்கும் மாறின. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு, மத்திய அரசின் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. நம் பிள்ளைகளில் அதைத் திறந்து பார்த்தவர்கள் குறைவு. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை.

எல்லையில் களியக்காவிளை தாண்டிக் கேரளத்துக்குள் போனால் கதை வேறு. கேரளப் பள்ளிகளில் 2001-இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம், பிறகு 'கைட்' நிறுவனமாக வளர்ந்தது. அங்கே ஆசிரியர்களுக்கு முதலில் பயிற்சி, பாடப்புத்தகமே கட்டற்ற மென்பொருளில். 2019-இல் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட பள்ளிக் கணினிகளுக்குப் புதிய லினக்ஸ் பதிப்பை அளித்தபோது, மிச்சம் 3,000 கோடி ரூபாய் என்று 'கைட்' கணக்குச் சொன்னது. 1956 வரை அந்தப் பகுதியோடு ஒன்றாகத் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது நம் குமரி மாவட்டம். பேருந்தில் போய்வரும் தொலைவில் முடிந்தது இங்கே முடியாதா?

முடியும், ஆனால் முடிவெடுத்தால் மட்டும் போதாது. ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சி 2003-இல் லினக்ஸுக்கு மாற முடிவெடுத்து, சுமார் 15,000 கணினிகளை மாற்றி, 2017-இல் விண்டோஸுக்கே திரும்பத் தீர்மானித்தது. அதே நாட்டின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் 2024-இல் 30,000 அரசுக் கணினிகளை லிப்ரே ஆபீஸுக்கு மாற்ற முடிவெடுத்தது. ஒரு முடிவை எடுப்பது ஒருநாள் வேலை. அதைக் காப்பாற்றுவது பல ஆண்டு வேலை.

இன்னொரு வழி ஸோஹோவின் ஆபீஸ் மென்பொருள். தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் நம்மூர் நிறுவனம் அது. 2025 செப்டம்பரில் மத்திய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் தாம் அதற்கு மாறுவதாக அறிவித்ததும் பலர் அதைத் தேடினார்கள். நல்ல மென்பொருள்தான். ஆனால் அதை முழுதாகப் பயன்படுத்த இணையம் வேண்டும்; கோப்பு இருப்பது அவர்களின் சர்வரில். நிறுவனம் நம்மூருடையது என்பதும் கோப்பு நம் கையில் இருக்கிறது என்பதும் வேறு வேறு.

எல்லோரும் மாற வேண்டும் என்று சொல்ல மாட்டேன். ஜி.எஸ்.டி. தளம் தரும் ஆஃப்லைன் கோப்புகளில் சில, மேக்ரோ உள்ள எக்செல் கோப்புகள். லிப்ரே ஆபீஸின் கால்க் அவற்றை ஒழுங்காக ஓட்டும் என்று நம்பி உட்கார முடியாது. கணக்குப் பார்ப்பவர்கள் எக்செலைக் காசு கொடுத்து வாங்கி வைத்துக்கொள்வதே சரி. மனு, பயோடேட்டா, கல்லூரி புராஜெக்ட், சுயஉதவிக் குழுவின் தீர்மானம், தேங்காய் வெட்டுக் கணக்கு, கோயில் கொடை வரவு செலவு ஆகியவைதான் உங்கள் வேலை என்றால், லிப்ரே ஆபீஸ் தாராளமாகப் போதும்.

மாறுகிறவர்கள் வரிசை தவறக் கூடாது. முதலில் தமிழ்99 விசைப்பலகையையோ, கைவந்த வேறு யூனிகோடு முறையையோ பழகுங்கள். பழைய பாமினிக் கோப்புகளை என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற இலவசக் கருவியில் யூனிகோடாக்குங்கள். பிறகு, இருக்கிற எம்.எஸ். ஆபீஸோடு லிப்ரே ஆபீஸையும் ஏற்றி, இரண்டு மாதம் இரண்டையும் வைத்திருங்கள். லிப்ரே ஆபீஸில் ஆங்கிலத்துக்கு ஓர் எழுத்துரு, தமிழுக்குத் தனியாக இன்னொன்று. மொழி அமைப்பில் 'காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' என்ற பகுதியில் தமிழைத் தேர்ந்தெடுக்காவிட்டால் பாதிப் புலம்பல் அங்கேதான் தொடங்கும். பிரிண்டுக்குக் கொண்டுபோகும் எதையும் பி.டி.எஃப். ஆக்கிக் கொண்டுபோங்கள்.

அன்று அந்த மாணவியின் மனுவைக் கடைக்காரர் யூனிகோடுக்கு மாற்றிக் கொடுத்தார். கால் மணி நேரம் ஆனது. வரிசையில் நின்றவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். நம் ஊர் ஊராட்சி அலுவலகம், பள்ளிக்கூடம், ஜெராக்ஸ் கடை ஒவ்வொன்றும் அந்தக் கால் மணி நேரத்தைச் செலவிட வேண்டும். இன்று நீங்கள் அடிக்கப்போகும் அடுத்த கடிதத்தை யூனிகோடில் அடியுங்கள்.