நடுவழியில் நின்ற வண்டி

புதுக்கோட்டையில் தஞ்சாவூர் ரோட்டோரம் எனக்கு ஆட்டோ பட்டறை. முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஒரு நாள் உச்சி வெயிலில், உடம்பெல்லாம் மயில் வரைந்த பழைய பஜாஜ் ஆட்டோ ஒன்றை இரண்டு வெளிநாட்டுக்காரர்கள் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பின்னால் கை கொடுத்தது நம்மூர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகள்.

பிளக்கைக் கழற்றினேன். கரி பிடித்து, எண்ணெய் வழிந்தது. டூ ஸ்ட்ரோக் வண்டியில் பெட்ரோலோடு டூ-டி ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும். ஆயில் குறைந்தால் பிஸ்டன் சீஸ் ஆகிவிடும். கூடினால் பிளக் கறுத்துப் பொறி வராது. சீஸ் ஆகிவிடுமோ என்ற பயத்தில் இவர்கள் தாராளமாக ஊற்றியிருந்தார்கள். கிளட்சையும் பாதி பிடித்தபடியே ஓட்டியிருக்கிறார்கள். கேபிளில் நாலைந்து பிரி அறுந்து தொங்கியது. கார் ஓட்டிப் பழகியவர்களுக்கு இடது கையாலேயே கிளட்சைப் பிடித்து, அதே கையால் கியரைத் திருப்புவது லேசில் வராது. பிளக்கை உப்புத்தாளில் தேய்த்து மாட்டி, கேபிளை மாற்றினேன். லிவரை இரண்டு தரம் இழுத்ததும் வண்டி பிடித்துக்கொண்டது.

சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குப் போகிறார்களாம். "ஏசி கார்ல போகலாமே, எதுக்குங்க இந்த ஆட்டோ?" என்று கேட்டேன். என் மகன் ஆங்கிலத்தில் கேட்டுச் சொன்னான்: "அப்பா, காரில் போனா யாரும் காசு தர மாட்டாங்களாம். இந்த வண்டியில ஊர் போய்ச் சேர்ந்தா, இவங்க சிநேகிதங்க ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பணம் கொடுக்குறதா ஒப்புக்கிட்டிருக்காங்க."

அதன் பிறகுதான் இந்தப் பயணங்களைப் பற்றி மகனைத் தேடிப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். இவற்றில் பேர் பெற்றது மங்கோல் ராலி. 2004இல் பிரிட்டனிலிருந்து ஆறு கார்கள் மங்கோலியாவுக்குக் கிளம்பின. நாலுதான் போய்ச் சேர்ந்தன. ஏறத்தாழ 16,000 கிலோமீட்டர். காரின் இன்ஜின் சின்னதாக இருக்க வேண்டும் என்பது விதி. பின்னால் உதவி வண்டி வராது. ரிப்பேர் ஆனால் வழியில் இருப்பவர்களைத்தான் கேட்க வேண்டும். ஒவ்வொரு குழுவும் குறைந்தது 1,000 பவுண்டாவது திரட்டித் தர வேண்டும் என்று பின்னாளில் விதி வைத்தார்கள். அதில் பாதி, மழைக்காடுகளைக் காக்கும் கூல் எர்த் அமைப்புக்கு. இங்கிலாந்தின் பிளைமவுத்திலிருந்து ஆப்பிரிக்காவின் காம்பியாவுக்குப் போன இன்னொரு பயணத்தில், சேர்ந்த வண்டிகளையே அங்கு ஏலம் விட்டு அந்தப் பணத்தைத் தர்மத்துக்குக் கொடுத்தார்கள். அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஓடித் தேய்ந்த வண்டியும் உள்ளூர் மெக்கானிக் கையில் இன்னும் பல வருஷம் ஓடும்.

நம் பக்கம் இப்படிப்பட்ட பயணம் 2006இல் வந்தது. சென்னையில் தொடங்கிய ஆட்டோரிக்‌ஷா சேலஞ்ச் தமிழ்நாட்டின் குறுக்கே கன்னியாகுமரிக்கு வந்தது. மங்கோல் ராலிக்காரர்களும் கொச்சி, ஷில்லாங் என்று ரிக்‌ஷா ரன் நடத்தினார்கள். 200 சிசிகூட இல்லாத இன்ஜினில் இந்தியாவின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு!

எங்கள் தஞ்சாவூர் ரோட்டுக்கு வண்டியும் அதை ஓட வைக்கும் பாடும் புதிதில்லை. 1912இல் டி.வி.சுந்தரம் ஐயங்கார் பஸ் விட்டது தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையேதான். இரண்டாம் உலகப்போரில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, கரியை எரித்து வரும் வாயுவில் வண்டியை ஓட்டும் கருவியை அவர் கம்பெனி செய்து கொடுத்தது. நின்றுபோகும் வண்டியை எப்படியாவது ஓட வைப்பது எங்கள் தொழிலின் ஆதிநாள் வேலை.

கஜா புயலின்போது அந்த வேலையின் அருமையை நேரிலேயே பார்த்தேன். 2018 நவம்பர் 16 விடிவதற்குள் ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் பக்கம் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்து கிடந்தன. மறுநாளிலிருந்து தண்ணீர் கேன், தார்ப்பாய், அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள். கிடைத்த வண்டியில் வந்தார்கள்: எஃப்.சி. முடியப்போகும் வேன், பழைய அம்பாசடர், லோடு ஆட்டோ. ரோட்டில் கிடந்த கிளையும் ஆணியும் டயரைக் கிழித்தன. பாரம் தாங்காமல் ஸ்பிரிங் பட்டை முறிந்தது. மூன்று வாரம் பட்டறையை இரவிலும் திறந்து வைத்திருந்தேன். நிவாரண வண்டி என்றால் கூலி வாங்கவில்லை. ஸ்பேர்பார்ட்ஸ் கடைக்காரர் கடனுக்குக் கொடுத்தார். அந்தக் கடனை அடைக்க எனக்குச் சித்திரை வரை ஆனது. அதில் வருத்தம் ஒன்றுமில்லை. ஆனால் இந்தச் செலவு எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. கூட வேலை பார்த்த பையன்களுக்கு இரண்டு வாரச் சம்பளம் பாக்கி நின்றது.

நம் பிள்ளைகளும் இப்போது பழைய வண்டியில் நிதி திரட்டக் கிளம்புகிறார்கள். நல்ல காரியம், தாராளமாகப் போங்கள். ஆனால் இன்ஜின் நின்றால் தள்ளலாம், பிரேக் பிடிக்காவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. புறப்படும் முன் பிரேக் ஷூவைக் கழற்றிப் பாருங்கள். ராத்திரியில் நான்குவழிச் சாலையில் ஆட்டோ ஓட்ட வேண்டாம். கிளட்ச் கேபிள் ஒன்று, ஆக்சிலேட்டர் கேபிள் ஒன்று, பிளக் இரண்டு, நல்ல கயிறு ஒன்று கையோடு இருக்கட்டும்.

அன்றைக்கு அந்த மயில் ஆட்டோக்காரர்கள் இருவரும் பணத்தை நீட்டியபோது, பள்ளிக்கூடத்துக்குப் போகிற காசு என்று நான் கேபிளுக்கு மட்டும்தான் வாங்கினேன். அவர்களில் மூத்தவர் கேட்கவில்லை. கூலியை என் மகன் சட்டைப்பையில் திணித்துவிட்டு, தன் நோட்டில் செலவு என்று எழுதிக்கொண்டு திருமயம் பக்கம் வண்டியை விட்டார்.

நீங்களும் அப்படி ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். தர்மத்துக்குப் போகிற வண்டி என்று தெரிந்தால் வழியிலிருக்கும் பட்டறைக்காரர் கூலி கேட்க மாட்டார். கேட்காவிட்டாலும் கொடுத்துவிட்டுப் போங்கள்.